தவுட்டுப் பிள்ளையின் விசா

ராஜரத்தினம் ஆராய்ச்சி செய்தது கருவாட்டைப் பற்றி. உப்புப் போட்டுக் காயவைத்த மீனில் மழைக்காலத்தில் ரோஸ் நிறத்தில் ஒன்று பூக்கும். ஊரூர்க் குப்பத்துப் பெண்கள் அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வெயிலில் இன்னொரு தரம் காட்டி விற்றுவிடுவார்கள். அது ஏன் பூக்கிறது, பூக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று படித்து அவர் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். அடையாறு காந்தி நகரில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் அவர் குடியிருந்த காலம் முழுக்க மாடிப்படியில் நெத்திலி வாசனைதான். வேலை செய்யும் இடத்தில் அலமாரி போதவில்லை என்று கண்ணாடித் தட்டுகளை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஓரம் சோறு, இன்னொரு ஓரம் சிவப்புக் கிருமி.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மாடி அறையில் தனியாக இருந்தேன். மூக்குள்ளவள் என்ற முறையில் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம் அவர் மனைவி பங்கஜம் வைக்கிற மீன் குழம்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. தேங்காயையும் சீரகத்தையும் அம்மியில் பட்டாக அரைத்து ஊற்றி, இறக்கும்போது பச்சைக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போடுவாள். நைட் டியூட்டி முடித்து நான் வந்தால் மூடி வைத்த கிண்ணம் படியில் காத்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்காக எந்த வாசனையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் அவருக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கிழக்குக் கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உப்பு மீனைப் பற்றியே ஒரு கூட்டம் ஆராய்ச்சி செய்கிறதாம். இரண்டு வருஷம் வந்து இருங்கள், குடும்பத்தையும் அழைத்து வரலாம், மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்தே அனுமதி தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் வைரவன் தம்பிக்கும் பங்கஜத்துக்கும் அவர்கள் மகள் தவுட்டுக்கும் கம்பளிக் கோட்டு தைத்து அனுப்பினார். மே மாத வெயிலில், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத அந்த வருஷத்தில், பங்கஜம் கோட்டைப் போட்டுக்கொண்டு கையில் குடத்தோடு அடிபம்பு வரிசையைப் பார்க்கப் போனாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

ரயில் ஸ்டிரைக் முடிந்து தபால் ஓட ஆரம்பித்ததும் டில்லியிலிருக்கும் கனடா ஹைகமிஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் ராஜரத்தினம் மாடிக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"விஜயாக்கா, ஒரு குழப்பம்."

"சொல்லுங்க."

"கல்யாணத்துக்குச் சாட்சி கேட்டான், குடுத்தேன். படிச்சதுக்குச் சாட்சி கேட்டான், குடுத்தேன். இப்ப தவுடு எங்க பிள்ளதான்னு கார்ப்பரேஷன் சர்டிபிகேட் கேக்கான்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"வாங்கிட்டு வந்துட்டேன். அதுல தகப்பன் பேரு தேசப்பன். தாயார் பேரு கெங்கம்மா."

கெங்கம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். தேசப்பன் அவள் புருஷன், ஊரூர்க் குப்பத்தில் கட்டுமரக்காரன். நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன்.

கதை எனக்குப் பாதி தெரியும். பங்கஜத்துக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரத்திலேயே போயிற்று. இன்னொன்று தவழ ஆரம்பித்தபிறகு போயிற்று. மூன்றாவதாக இந்தப் பெண் பிறந்ததும் அவர்கள் ஊர்ப் பக்கத்து வழக்கப்படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். பெற்றவளிடம் இருந்தால்தானே எமன் தேடி வருவான்? அதனால் பிள்ளைகள் நன்றாகத் தங்கிய வீட்டுக்காரி ஒருத்தி வந்து ஒரு பிடி தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அது அவள் பிள்ளை. பெற்றவள் வெறும் வளர்ப்புக்காரி. ஏழு வயது முடிந்தபிறகு ஊருக்குப் போய், பேச்சியம்மன் கோயிலில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் பெற்றவள் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது.

கெங்கம்மாவுக்கு அப்போது ஐந்து பிள்ளைகள், ஐந்தும் இரும்பு. அதனால் அவளைப் பிடித்தார்கள். கொல்லை வாசலில் முறத்தில் கிடந்த குழந்தையை மடியிலிருந்த தவிட்டைப் போட்டு வாங்கி, முறத்தோடு குப்பத்துக்குத் தூக்கிப்போய், அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து பங்கஜத்தின் மடியில் வைத்து, "இந்தாம்மா, எம் புள்ளைக்குப் பால் குடு" என்றாள். பெயரும் அவள்தான் வைத்தாள், தவுடு என்று. பள்ளிக்கூடத்தில்தான் சீதா. தவுடு பேச ஆரம்பித்தபோது கெங்கம்மாவை அம்மா என்றும் பங்கஜத்தை அக்கா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். கெங்கம்மா கூடையை இறக்கியதும் குழந்தையின் தலையைத்தான் முதலில் பார்ப்பாள். "இன்னா பங்கஜம், எம் புள்ள தலையில பேனு மேயிது, நீ சீப்பு வச்சிக்கினு இன்னா பண்றே?" என்று அதட்டுவாள். பங்கஜமும் வேலைக்காரி மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இதெல்லாம் தெரியும். ஆனால் கார்ப்பரேஷன் புத்தகத்திலும் இப்படி எழுதி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

"இதை யார் போய் எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

"நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவர்!"

"பங்கஜம்தான் அழுதா. நாம வீட்டுக்குள்ள வித்துட்டு ஆபீசுல நம்ம பேரை எழுதிவச்சா, எமன் புஸ்தகத்தைப் பாத்துர மாட்டானான்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ரெண்டு பிள்ளயக் குழியில வச்சவனுக்குப் பட்டம் என்னத்துக்குக்கா ஆவும்?"

அதற்கு மேல் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் என் டியூட்டியில் டில்லிக்கு டிரங்க் கால் போட்டு அவருக்குக் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் பொறுமையாகப் பேசியது. குழந்தை யாருடையது என்று சான்றில் இருக்கிறதோ அவர்கள்தான் பெற்றோர். மீனவர் தேசப்பனுடைய மகளை நீங்கள் ஏன் கனடாவுக்கு அழைத்துப் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டது. ராஜரத்தினம் தவிட்டை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். முதல் மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்தது. "மேடம், வீ சோல்ட் ஹெர், பட் நாட் ரியலி" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. டில்லிக்காரி ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நானே செருகியைப் பிடுங்கிச் செருகினேன்.

கார்ப்பரேஷனில் கேட்டதற்கு, எழுத்துப் பிழை என்றால் திருத்துவோம், அப்பா அம்மாவையே மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். அதனால் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே இருந்த மாணிக்கவாசகம் என்ற வக்கீலிடம் போனோம். ஆபீஸ் விவகாரம் எனக்குத் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தேர் வீதியெல்லாம் தண்ணீர் லாரிக்கு நின்ற குடங்கள். வக்கீல் கையில் பனையோலை விசிறி, கரண்ட் போயிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரெண்டு அம்மாவும் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நின்னு உண்மையச் சொல்றது. பெத்தவ 'என் பிள்ளை'ன்னு சொல்லணும், அந்தம்மா 'என் பிள்ளை இல்லை'ன்னு சொல்லணும். இன்னொண்ணு, இருக்கிற சர்டிபிகேட்டை அப்படியே வச்சுக்கிட்டு, அவங்ககிட்டேர்ந்து நீங்க தத்து எடுக்கிறது."

"என் மகள நானே தத்தெடுக்கதா?" என்று ராஜரத்தினம் எழுந்துவிட்டார்.

"ஏங்க, உக்காருங்க. அது நல்ல யோசனதான்" என்றாள் பங்கஜம். "வித்தது வித்ததாவே இருக்கும். யாரும் எதையும் மாத்திச் சொல்ல வேண்டாம்."

"ஏளா, அது பொய்யில்லா?"

"இப்ப இருக்கது மட்டும் மெய்யா?"

வக்கீல் விசிறியை நிறுத்திவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அம்மா, பொய்ப் பத்திரம் நான் எழுத மாட்டேன். எழுதினாலும் தத்துன்னா டில்லியில அதுக்குத் தனியா விசாரணை வைப்பான். செப்டம்பர்ல உங்க வீட்டுக்காரர் அங்க சேரணும். அது நடக்காது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பங்கஜம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தவுடு எங்கள் இருவர் மடியிலும் கால் நீட்டித் தூங்கிற்று.

"விஜயாக்கா, பிள்ளய விட்டுட்டு நான் போவ மாட்டேன்" என்றாள். "கூட்டிட்டுப் போவதுக்காக என் பிள்ளன்னு சொல்லவும் மாட்டேன். இன்னும் ஏழு முடியல. ஆறுதான் நடக்கு."

"அப்போ என்னதான் பண்ணப் போறே?"

"அதாங்கா தெரியல."

ராஜரத்தினம் முன் சீட்டில் இருந்தபடி, தான் மட்டும் போய் வருவதாகச் சொன்னார். இரண்டு வருஷம்தானே என்றார். பங்கஜம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளின் உயிர் போன இரண்டு தரமும் அவர் ஊரில் இல்லை, அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். கடற்கரை கடற்கரையாக மீன் பொறுக்கப் போயிருந்தார். இவளை இன்னொரு தரம் தனியாக விட்டுப் போக அவருக்கும் பயம், தனியாக இருக்க இவளுக்கும் பயம். இதை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும்.

கெங்கம்மாவிடம் நான்தான் முதலில் பேசினேன். கொல்லையில் உட்கார்ந்து வஞ்சிர மீனுக்குச் சாம்பலைத் தடவி அரிவாள்மனையில் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கை நிற்கவில்லை.

"இன்னாம்மா சொல்றே? கோர்ட்டுல வந்து எம் புள்ள இல்லேன்னு சொல்லணுமா?"

"ஆமா கெங்கம்மா. ஒரு வார்த்தை. அதைச் சொன்னாத்தான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போக முடியும்."

"பங்கஜம் சொல்லுமா, எம் புள்ளன்னு?"

"அதுவும் சொல்லணும்."

"அது சொல்லாது. அது பயந்தாங்கொள்ளி." மீனைத் துண்டு போட ஆரம்பித்தாள். "சைதாப்பேட்டக் கோர்ட்டுக்கு நான் எங்க வர்றது? இப்பத்தான் வலையில நாலு மீனு வுழுவுது. ஆடி வேற வந்துகினு கீது, ஆத்தாளுக்குக் கூழு ஊத்தணும். அப்பால பாக்கலாம்."

அப்பால பாக்கலாம் என்றவள் பார்க்கவில்லை. மீனைக் கொடுப்பாள், தவுட்டின் தலையைப் பார்ப்பாள், கோர்ட்டுப் பேச்சை எடுத்தால் கூடையைத் தூக்கிவிடுவாள். துட்டுக்கு எதிர்பார்க்கிறாளோ என்று ராஜரத்தினத்துக்குச் சந்தேகம் வந்தது. நான் அவரைத் திட்டினேன். ஆனால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருஷம் அந்தக் குழந்தையின் நகம் வளர்ந்தால்கூடச் சண்டைக்கு வந்தவள், அதற்கு நல்லது நடக்க ஒரு வார்த்தை சொல்ல ஏன் இப்படி நழுவுகிறாள்?

ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றிய அன்று நாங்கள் நாலு பேரும் குப்பத்துக்கே போனோம். எல்லையம்மன் கோயில் எதிரில் பெரிய பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ். சின்ன வெங்காயமும் வறுத்த கருவாடும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். மணலில் கால் வைக்க முடியாத வெயில். தேசப்பன் கட்டுமரத்து நிழலில் வலையைப் பிரித்துப் போட்டு, கிழிந்த கண்ணைப் பின்னிக்கொண்டிருந்தான். தவுடு ஓடிப்போய் அவன் முதுகில் ஏறிக்கொண்டது.

"வா நைனா, குந்து" என்றான் ராஜரத்தினத்திடம். "கனடாவுல மீனு எப்டி? பெரிசா?"

"பெரிசுதான். காட்னு ஒரு மீன். உப்புப் போட்டுக் காயவச்சு உலகத்துக்கெல்லாம் அனுப்புதாங்க."

"அங்கியும் கருவாடு செவக்குதா?"

"அங்கயும் பூக்குது."

தேசப்பன் திருப்தியாகத் தலையாட்டினான். ராஜரத்தினம் மெல்லக் கோர்ட்டு விஷயத்தை எடுத்தார். பங்கஜம் அவர் முடிப்பதற்குள் குறுக்கே விழுந்தாள்.

"தேசப்பண்ணே, உங்களுக்குத்தான் தெரியும். மாத்திச் சொன்னா ஒண்ணும் ஆயிராதுல்லா? அங்க போய் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

"அத்தினி தண்ணி தாண்டி எமன் வர்றதுன்னா, அவனும் டில்லிக்கு எழுதிப் போட்டு உத்தரவு வாங்கிக்கினுதாம்மா வரணும்" என்று தேசப்பன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதுகிலிருந்த குழந்தையை இறக்கி மணலில் விட்டான். "எனக்கு ஒண்ணியும் இல்ல நைனா. நான் வந்து கை நாட்டு வக்கிறேன். அவளத்தான் கேக்கணும். அவள நான் கேக்க மாட்டேன்."

"ஏன் தேசப்பா?"

"கேக்க மாட்டேன்."

வலையை உதறி எழுந்து கடல் பக்கம் போய்விட்டான். கெங்கம்மா அண்டாவண்டை நின்று கூழ் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் பங்கஜம் சரியாகச் சாப்பிடவில்லை. ராஜரத்தினம் விமானச் சீட்டு ஒருவருக்கா மூவருக்கா என்று கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் வைத்திருந்தார். அம்மைப்பால் குத்திக்கொண்டதற்கு அத்தாட்சியான மஞ்சள் புத்தகம் மட்டும் மூன்று தயாராக இருந்தது. கம்பளிக் கோட்டுகள் பெட்டி மேல் கிடந்தன, யாரும் அவற்றைத் தொடவில்லை.

பிறகு ஒரு காலை, கூடையில்லாமல், தலைக்கு எண்ணெய் தடவி வாரி, மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு கெங்கம்மா வாசலில் வந்து நின்றாள். பின்னால் தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"இன்னும் கெளம்பலியா? கோர்ட்டு எத்தினி மணிக்குத் தொறக்குறான்?" என்றாள்.

ஏன் மனம் மாறினாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயம். வக்கீலுக்கு போன் செய்து சொன்னேன். அவர் ஏற்கெனவே மனுப் போட்டு வைத்திருந்தார்.

சைதாப்பேட்டைக் கோர்ட்டில் மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். முதலில் பங்கஜத்தைக் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் குழந்தை யாருது?"

பங்கஜம் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ராஜரத்தினம் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீதானே பெத்தது?"

பங்கஜம் குழந்தையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அழுதாள். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பாவமாக இருந்தது. அந்த இரண்டு சொல்லைச் சொன்னதும் கதவுக்கு வெளியே நிற்கிறவன் உள்ளே வந்துவிடுவான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

மாஜிஸ்ட்ரேட் குழந்தையைக் கூப்பிட்டார். "பாப்பா, உங்கம்மா யாரு?"

தவுடு தயங்காமல் கெங்கம்மாவைக் காட்டியது.

"அப்போ இது யாரு?"

"அக்கா."

"அந்த ஆள்?"

"அப்பா" என்று ராஜரத்தினத்தைக் காட்டியது. பிறகு தேசப்பனைப் பார்த்து, "அவுரும்தான்" என்றது.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, "மிஸ்டர் மாணிக்கவாசகம், இது யார் குழந்தைன்னு இங்க யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியும் சாமி" என்றாள் கெங்கம்மா.

முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பெத்தது அந்தப் பொண்ணு. நான் தவுட்டுக்கு வாங்கிக்கினேன். அது வாய்லேந்து வராது சாமி, அது அப்டித்தான், அத்த வையாதீங்க. நான் சொல்றேன். இது எம் புள்ள இல்ல."

"உனக்கு எத்தனை குழந்தைங்க?"

கெங்கம்மா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து விரலை மடக்கினாள்.

"நாலு" என்றாள்.

"அஞ்சுல்லா?" என்று பங்கஜம் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அவ்வளவு நேரம் வராத குரல் அப்போது வந்தது.

"நாலு சாமி. எழுதிக்கோ" என்றாள் கெங்கம்மா.

வெளியே வேப்பமரத்தடியில் சோடாக் கடை. கெங்கம்மா சொன்னதே போதும் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டுவிட்டார்; ராஜரத்தினமும் வக்கீலும் அதன் நகல் வாங்க உள்ளே நின்றார்கள். தேசப்பன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டிகளைக் காட்டப் போனான். பங்கஜம் கெங்கம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கெங்கம்மாக்கா, நீ எப்பவும் அஞ்சுன்னுதானே சொல்லுவ?"

"ஆமா. தவுட்டோட அஞ்சு."

"தவுடு இல்லாமயே அஞ்சு இருந்துச்சே. அன்னிக்கு அஞ்சு இருந்ததாலதானே உன்ன..."

"கடசிப் பையன் பூட்டான். கொமாரு." கெங்கம்மா சோடாவை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. "தவுட்ட வாங்கின வருசம், ஐப்பசியில. வயித்தால போயி, ஒரே நாளு. ராயப்பேட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம், வழியிலியே பூட்டான்."

பங்கஜம் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி அவளையே பார்த்தாள். எனக்கும் அந்த ஐப்பசி ஞாபகம் இருந்தது. புயல் மழை. கெங்கம்மா ரொம்ப நாள் தெருப் பக்கம் வரவில்லை. கடல் கொந்தளிப்பு, மீன் இல்லை போலிருக்கிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். திரும்பி வந்தபோது அவள் தவுட்டைத் தூக்கிக் கொஞ்சினாள். நாங்கள் மீன் விலை கேட்டோம்.

"ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"எங்க சொல்றது? குப்பத்துல ஒவ்வொருத்தியும் சொன்னா, வாங்கின புள்ள உள்ள வந்து சொந்தப் புள்ளயத் தள்ளிடுச்சின்னு. உன் ஊட்டுக்கு வர வேண்டியது எங்கூட்டுக்கு வந்துடுச்சின்னு. உங்கிட்ட சொன்னா நீ இன்னா பண்ணுவ? புள்ளயத் திருப்பிக் குடுன்னுவ. அப்பால அதுவும் பூட்டா? அதான் வாய மூடிக்கினேன். அஞ்சு போயி நாலு ஆச்சு. தவுட்ட சேத்துக்கினா அஞ்சு. அப்டியே சொல்லிக்கினு வந்துட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்டித்தான் இருந்துச்சு." மூக்கைச் சிந்திப் போட்டாள். "இன்னிக்கி அந்த ஆளு கேட்டான் பாரு, அப்பத்தான் கொமாரு பூட்டான்."

பங்கஜம் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் போவலக்கா. பிள்ளய நீயே வச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"த்தூ, பைத்தியம்" என்றாள் கெங்கம்மா. "அம்மாம் பெரிய எடத்துல நின்னு சொல்லிட்டு வந்துகீறேன், வச்சிக்கோன்றியே. நான் சொன்னத யாரு திருப்பி வாங்குறது?"

வக்கீல் உத்தரவோடு வந்தார். அவர் முகத்தில் நல்ல சிரிப்பு. எங்களைப் பார்த்ததும் ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே குழம்பியிருக்க வேண்டும். உத்தரவை ராஜரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

பிறகு எல்லாம் தடதடவென்று நடந்தது. கார்ப்பரேஷனில் பெயர் மாறிற்று. டில்லியிலிருந்து மூன்று பேருக்கும் அனுமதி வந்தது. குமாரைப் பற்றி ராஜரத்தினத்திடம் பங்கஜம் எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் கண்ணாடித் தட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மன் கோயிலுக்குப் போக நாள் இல்லை. தவிட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா, கோர்ட்டில் சொன்னதே போதுமா, வயது முடியாமல் மீட்டது செல்லுமா என்று பங்கஜம் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு என்ன தெரியும்? டிரங்க் போட்டுக் கேட்கிற விஷயமா அது? செல்லும் என்று சொன்னேன். அவளுடைய பயத்தில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கெங்கம்மா தினமும் வந்தாள். ஆனால் தலையில் பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தவுடு வந்து மடியில் விழுந்தால், "இந்தா பாரு சீதா, இனிமே அவதான் அம்மா. நான் கெங்கம்மா. எங்க, சொல்லு" என்பாள். குழந்தை சிரிக்கும். விளையாட்டு என்று நினைத்து, "கெங்கம்மாம்மா" என்று சொல்லும். "அப்டி இல்ல, சரியாச் சொல்லு" என்று விடாமல் பழக்குவாள். பங்கஜம் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், வெளியே வரமாட்டாள். குழந்தை ஒரு நாள் பங்கஜத்தை அம்மா என்றும் மறுநாள் அக்கா என்றும் கூப்பிட்டது. ஒரு நாள் இருவரையுமே ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் புடவையைப் பிடித்து இழுத்தது.

போகிற அன்று டாக்சி வாசலில் நின்றது. வைரவன் மீனம்பாக்கத்துக்கு நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ராஜரத்தினம் பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பங்கஜம் ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றி எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கெங்கம்மா கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டதற்கு, "நிக்கிறேன்மா, போவட்டும்" என்றாள்.

தவுடு கோட்டும் புது ஷூவுமாக வாசற்படியில் வந்து நின்றது. ஷூவின் வார் கழன்று கிடந்தது. மாட்டத் தெரியவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டது.

கெங்கம்மா திரும்பவில்லை. காது கேட்காதவள் மாதிரி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. பங்கஜமும் திரும்பவில்லை. ஜாடியைத் துணியோடு திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அவளுக்கு உறைக்கவில்லை. ஆறு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவள் திரும்பியதே இல்லை.

"அம்மா" என்றது மறுபடியும். இரண்டு பேரையும் பார்த்தது. யாரும் வரவில்லை. அதன் கீழுதடு பிதுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. நானே போய் வாரை மாட்டிவிடலாம் என்று படியில் இறங்கினேன்.

அதற்குள் கெங்கம்மா, முகத்தைத் திருப்பாமலே, தெருவுக்கே கேட்கிற மாதிரி அதட்டினாள்.

"ஏம்மா பங்கஜம், காது அடச்சிக்கினு கீதா? உம் புள்ள கூப்புடுது பாரு."